கேம் டெவலப்மென்ட்டை டிகிரியா படிக்கலாமா? டண்டீ, அபர்டே பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

ஸ்காட்லாந்துல டண்டீன்னு ஒரு சின்ன ஊரு, அங்க இருக்கிற அபர்டே யுனிவர்சிட்டி பத்தியும், பொதுவா கேம் டெவலப்மென்ட்டை டிகிரியா படிக்கிறது பத்தியும் ஒரே மாதிரி கேள்விங்க திரும்பத் திரும்ப வருது. ப்ளஸ் டூ பசங்க, அவங்க அப்பா அம்மா, ஐடில கொஞ்ச காலம் ஓட்டிட்டு சலிச்சுப்போனவங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். நான் ப்ரோக்ராமிங் பக்கம். ஆர்ட் பத்தி நான் சொல்றது பக்கத்து சீட்லேர்ந்து பாத்தவன் சொல்றதுன்னு வெச்சுக்குங்க.

அண்ணா, கேமுக்குன்னே டிகிரியா? அதுவும் டண்டீல ஏன்?

ஆமா, 1997லயே ஆரம்பிச்சாச்சு. உலகத்துலயே கம்ப்யூட்டர் கேம்ஸுக்குன்னு முதல்ல டிகிரி ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி நாங்கதான்னு அபர்டே சொல்லிக்கும். ஏன் லண்டன்ல இல்லாம அங்கன்னா, அதுக்குப் பின்னாடி ஒரு ஃபேக்டரி கதை இருக்கு. டைமெக்ஸ் வாட்ச் கம்பெனியோட ஃபேக்டரி அந்த ஊர்ல இருந்துச்சு, 80கள்ல ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை அங்கதான் அசெம்பிள் பண்ணாங்க, அதனால ஊர்ல பசங்க கைல அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் புழங்குச்சு. டேவிட் ஜோன்ஸ்னு ஒருத்தரு அந்த டைமெக்ஸ்ல அப்ரென்டிஸா இருந்தவரு, செட்டில்மென்ட் வாங்கிட்டு வெளிய வந்து அந்தக் காசுல அமிகா கம்ப்யூட்டர் வாங்கினாரு. இப்ப அபர்டேன்னு இருக்கிற அதே காலேஜ்லதான் படிக்கவும் போனாரு. ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் கிளப்ல பழக்கமான கூட்டாளிங்களோட சேந்து டிஎம்ஏ டிசைன்னு கம்பெனி போட்டாரு. 1991ல லெம்மிங்ஸ், 1997ல முதல் ஜிடிஏ, ரெண்டு கேமும் அந்தக் கம்பெனி பண்ணதுதான். லெம்மிங்ஸ் எப்படி வந்துச்சுன்னா, அங்க இருந்த மைக் டெய்லி லஞ்ச் டைம்ல 8க்கு 8 பிக்ஸல்ல ஒரு குட்டி மனுஷன் நடக்கிற மாதிரி அனிமேஷன் போட்டாரு, கூட இருந்தவரு இதுல ஒரு கேம் இருக்குடான்னாரு, அவ்ளோதான். இன்னிக்கு டண்டீல அந்த லெம்மிங்ஸுக்கு வெண்கலச் சிலையே வெச்சிருக்காங்க, தூண் மேல ஏறிட்டு இருக்கும். டைமெக்ஸ் ஃபேக்டரியை 1993லயே மூடிட்டாங்க.

கேம் விளையாடிட்டே பாஸ் ஆயிடலாமா?

இல்ல. அடுத்த கேள்வி.

ப்ரோக்ராமிங், ஆர்ட், டிசைன், இதுல எதை எடுக்கிறது?

இதைத்தான் முதல்ல முடிவு பண்ணணும், ஆனா நிறைய பேரு அட்மிஷன் வாங்கினதுக்கு அப்புறம்தான் யோசிக்கிறாங்க. அபர்டேல கம்ப்யூட்டர் கேம்ஸ் டெக்னாலஜின்னு ஒண்ணு இருக்கு, அது முழுக்க கோடு, கணக்கு, கிராஃபிக்ஸ். கம்ப்யூட்டர் ஆர்ட்ஸ்னா வரையுறது, 3டி மாடலிங், அனிமேஷன். டிசைன் அண்ட் ப்ரொடக்ஷன்னு ஒண்ணு, அதுல லெவல் டிசைன், ரூல்ஸ், டீமை ஓட்டுறது இதெல்லாம் வரும். பேரு அப்பப்ப மாத்துவாங்க, நீங்க பேரைப் பாக்காம நாலு வருஷத்துக்கு என்னென்ன மாட்யூல்னு பாருங்க.

என் கருத்து, டிசைனர் ஆகணும்னு வர்றவங்கதான் அதிகம், ஆனா ஜூனியர் டிசைனர் வேலைதான் இருக்கிறதுலயே கம்மி. "எங்கிட்ட ஒரு சூப்பர் ஐடியா இருக்கு, நீங்க கோடு பண்ணுங்க"ன்னு சொல்றவரு எல்லா டீம்லயும் ஒருத்தர் வந்து சேந்துடுவாரு, எந்த ஸ்டூடியோவும் ஐடியாவுக்குன்னு சம்பளம் குடுத்து ஆள் எடுக்கிறதில்ல. டிசைன்தான்னு உறுதியா இருந்தா ஸ்க்ரிப்டிங்கையாவது, அதாவது சின்னச் சின்ன கோடு எழுதுறதையாவது கத்துக்கிட்டுப் போங்க, எஞ்சின்ல, அதாவது கேமைச் செய்யுற சாஃப்ட்வேர்ல, நீங்களே ஒரு கதவைத் திறந்து மூடத் தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டும் வரும்னு சொல்றவங்க, அதாவது வரையவும் பிடிக்கும் கோடும் பிடிக்கும்னா, டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட்னு ஒரு வேலை இருக்கு. ஷேடர், அதாவது வெளிச்சமும் நிறமும் எப்படித் தெரியணும்னு சொல்ற கோடு எழுதுறது, ஆர்ட்டிஸ்டுங்களுக்கு டூல் பண்ணிக் குடுக்கிறது, எஃபெக்ட்ஸ் போட்டா ஃப்ரேம் ரேட் விழாம பாத்துக்கிறது. இதுக்கு ஆள் கிடைக்கிறது கஷ்டம், ஆனா நம்ம பக்கம் இப்படி ஒரு வேலை இருக்குன்னே பல பேருக்குத் தெரியல.

கணக்கு சுமாராத்தான் வரும் அண்ணா, பரவால்லயா?

ப்ரோக்ராமிங் பக்கம்னா பரவால்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பயப்படவும் வேணாம், தேவைப்படுற கணக்குல பாதி நம்ம ஸ்டேட் போர்டு பன்னெண்டாவது புக்லயே இருக்கு. மேட்ரிக்ஸ், வெக்டர், டாட் ப்ராடக்ட், கிராஸ் ப்ராடக்ட். இதெல்லாம் எதுக்குடா படிக்கிறோம்னு தெரியாமலே மார்க் வாங்கியிருப்பீங்க, எதுக்குன்னு இப்ப சொல்றேன்.

ஒரு காவல்காரன் நிக்கிறான், ப்ளேயர் அவன் கண்ல படுறானா இல்லையான்னு கண்டுபிடிக்கணும். காவல்காரன் பாக்குற திசை ஒரு வெக்டர், அவன்கிட்டேர்ந்து ப்ளேயர் இருக்கிற திசை இன்னொரு வெக்டர், ரெண்டையும் நீளம் 1க்குக் கொண்டு வந்து டாட் ப்ராடக்ட் எடுத்தா நடுவுல இருக்கிற கோணத்தோட காஸ் வேல்யூ வந்துடும். அது 0.5க்கு மேல இருந்தா ப்ளேயர் 60 டிகிரிக்குள்ள இருக்கான், அதாவது ரெண்டு பக்கமும் சேத்து 120 டிகிரிக்குள்ள. மைனஸ்ல வந்தா முதுகுப் பக்கம். கொஞ்சம் பெருக்கல், கொஞ்சம் கூட்டல், காஸ் இன்வர்ஸ்கூட போட வேண்டாம். நடுவுல சுவரு இருக்கான்னு பாக்க மட்டும் தனியா அவன்கிட்டேர்ந்து ப்ளேயர் வரைக்கும் ஒரு நேர்கோடு விட்டுப் பாக்கணும்.

அப்புறம் மேட்ரிக்ஸ்ல ஏ பெருக்கல் பி-யும் பி பெருக்கல் ஏ-யும் ஒண்ணில்லன்னு படிச்சிருப்பீங்கல்ல. காரை முதல்ல திருப்பிட்டு அப்புறம் நகத்தினா அது நின்ன இடத்துல திரும்பிட்டுப் போகும், முதல்ல நகத்திட்டு அப்புறம் திருப்பினா மேப்போட நடுப்புள்ளியைச் சுத்தி ராட்டினம் மாதிரி சுத்தும். முதல் வருஷத்துல எல்லாரோட காரும் ஒருதடவையாவது இப்படிச் சுத்தும்! அன்னிக்குப் புரியிற மேட்ரிக்ஸ் பன்னெண்டாவதுல புரிஞ்ச மேட்ரிக்ஸைவிட நல்லா மனசுல நிக்கும். பொருளைத் திருப்புறதுக்கு க்வாட்டர்னியன்னு ஒண்ணு வரும், அது மட்டும் புதுசு, அதை அப்புறம் பாத்துக்கலாம்.

யூனிட்டி மாதிரி ரெடிமேட் எஞ்சின் இருக்கும்போது சி ப்ளஸ் ப்ளஸ் எதுக்கு உயிரை வாங்குறாங்க?

ஒரு கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடணும்னா ஒரு ஃப்ரேமுக்கு உங்களுக்குக் கிடைக்கிறது 16.6 மில்லி செகண்ட். அதுக்குள்ள இன்புட் வாங்கி, எதிரிங்க எல்லாரையும் யோசிக்க வெச்சு, ஃபிசிக்ஸ் ஓட்டி, படம் வரைஞ்சு முடிக்கணும். வெப்சைட் அரை செகண்ட் லேட்டா வந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க, இங்க அது 30 ஃப்ரேம் காணாமப் போனதுக்குச் சமம். மெமரி எங்க இருக்கு, எப்ப வாங்கணும், எப்ப விடணும்னு கைல பிடிச்சுக்க சி ப்ளஸ் ப்ளஸ் விடுது, அதான் பெரிய ஸ்டூடியோக்கள்ல எஞ்சின் எல்லாம் அதுல இருக்கு, அன்ரியல்ங்கிற எஞ்சினும் அதுலதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. 2023 செப்டம்பர்ல யூனிட்டி கம்பெனிக்காரங்க திடீர்னு இனிமே ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் காசுன்னு ஒரு அறிவிப்பு விட்டாங்க, உலகம் முழுக்க டெவலப்பருங்க கொந்தளிச்சாங்க, கடைசில 2024 செப்டம்பர்ல அதை மொத்தமா ரத்து பண்ணாங்க. அந்த ஒரு வருஷத்துல எத்தனையோ பேரு கோடோ (Godot)ங்கிற எஞ்சினுக்கும் அன்ரியலுக்கும் தாவினாங்க. எஞ்சினை மட்டும் கத்துக்கிட்டவங்க தாவ திணறுனாங்க, எஞ்சினுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்கு மெனு எங்க இருக்குன்னு தேடுறதுதான் வேலை. யுனிவர்சிட்டில சொந்தமா ஒரு ரெண்டரர், அதாவது திரைல படத்தை வரையுற கோடு எழுதுன்னு உயிரை வாங்குறது இதுக்குத்தான்.

யூட்யூப்லயே எல்லாம் இருக்கே, அவ்ளோ காசு குடுத்து அங்க போய் எதைக் கத்துக்கிறது?

நியாயமான கேள்வி, இதுக்குப் பதில் சொல்லாம எல்லா காலேஜ் ப்ரோஷரும் நழுவிடும். கோடிங் யூட்யூப்ல கிடைக்கும். 3டி மாடலிங் பண்ற ப்ளெண்டர் சாஃப்ட்வேரும் யூட்யூப்ல கிடைக்கும். கணக்குகூட கிடைக்கும். கிடைக்காதது ஒண்ணே ஒண்ணு, நீங்க தேர்ந்தெடுக்காத ஆளுங்களோட உக்காந்து, வெளியாள் ஒருத்தர் கேட்டதை, அவர் சொன்ன தேதிக்குள்ள முடிச்சுக் குடுக்கிறது. அபர்டேல மூணாம் வருஷத்துல ப்ரோக்ராமர், ஆர்ட்டிஸ்ட், டிசைனர், சவுண்ட்னு கலந்து டீம் போட்டு, வெளிய இருக்கிற கம்பெனிக்காரங்க என்ன வேணும்னு எழுதிக் குடுக்கிற ப்ரீஃபை எடுத்துப் பண்ண வெப்பாங்க. என்னைக் கேட்டா ஃபீஸ்ல பாதி அந்த ஒரு ப்ராஜெக்ட்டுக்குத்தான்.

அங்க என்ன நடக்கும்னா, முதல் வாரம் எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க, ஓப்பன் வேர்ல்டு, மல்டிப்ளேயர், நாலு எண்டிங்னு போர்டு பூரா எழுதுவாங்க. ஒரு மாசம் கழிச்சு கேரக்டர் குதிச்சா தரைக்குள்ள போய் மாட்டிக்கும். அப்பதான் வெட்டுற வேலை ஆரம்பிக்கும். மல்டிப்ளேயர் போகும், எண்டிங் ஒண்ணாகும், ஆர்ட்டிஸ்ட் ராத்திரி பகலா பண்ண ஒரு டிராகன் மாடல் கேம்ல வராமலே போகும், அதை அவங்ககிட்ட யாரு போய் சொல்றதுன்னு ஒரு சண்டை வரும். ஒரே சீன் ஃபைல்ல ரெண்டு பேரு வேலை பாத்து ரெண்டு பேரும் ஏத்தி ஒருத்தரோட வேலை மொத்தமா அழிஞ்சுபோகும், கோடை மெர்ஜ் பண்ற மாதிரி இந்த ஃபைலை மெர்ஜ் பண்ண முடியாது, அதனாலதான் ஸ்டூடியோக்கள்ல பெர்ஃபோர்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் வெச்சு ஃபைலை லாக் பண்ணிட்டு வேலை பாக்குறாங்க. இதை லெக்சர்ல சொன்னா கொட்டாவி வரும், சொந்த வேலை அழிஞ்சா சாகுற வரைக்கும் மறக்காது.

ப்ளேடெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. தெரியாத ஒருத்தரை உக்கார வெச்சு கேமைக் குடுத்துட்டு நீங்க பின்னாடி நிக்கணும், வாயே திறக்கக்கூடாது. அவரு கதவைப் பாக்காம சுவத்தையே அஞ்சு நிமிஷம் முட்டிக்கிட்டு இருப்பாரு, "லெஃப்ட்ல போங்க"ன்னு சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிட்டா டெஸ்ட் வேஸ்ட், ஏன்னா வாங்குறவன் வீட்டுக்கெல்லாம் போய் நீங்க பின்னாடி நிக்க முடியாது.

ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட்தானேன்னு சாதாரணமா நினைக்காதீங்க. அமெரிக்கால டிஜிபென்ங்கிற காலேஜ்ல படிச்ச பசங்க 2005ல நார்பாகுலர் டிராப்னு ஒரு கேம் பண்ணாங்க, ஒரு கதவுக்குள்ள போனா இன்னொரு கதவு வழியா வெளிய வர்றதுதான் கேமே. காலேஜ் கேரியர் ஃபேர்ல அதைப் பாத்த வால்வ் கம்பெனிக்காரங்க டீமையே வேலைக்கு எடுத்துட்டாங்க, 2007ல அது போர்ட்டல்னு வந்துச்சு. எல்லாருக்கும் இப்படி நடக்காதுதான். ஆனா அந்தப் பசங்க கைல முடிஞ்ச கேம் ஒண்ணு இருந்துச்சு, ஐடியா மட்டும் இருந்திருந்தா யாரும் நின்னுகூட பாத்திருக்க மாட்டாங்க.

அப்ப ஊர்ல சிஎஸ்இ படிச்சிட்டே கேம் பண்ணக் கூடாதா?

தாராளமா பண்ணலாம். வீட்டு நிலைமை இடிக்குதுன்னா நான் முதல்ல சொல்றதே இதைத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரியை எந்த கேம் ஸ்டூடியோவும் வேணாம்னு சொல்லாது, கேம் வேலை கிடைக்கலன்னா வேற வேலைக்கும் அது ஆகும். அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல கேம் டெவலப்மென்ட்ன்னே ஒரு எலெக்டிவ் பேப்பர் இருக்கு. டிசைன் பக்கம்னா டிகிரி முடிச்சிட்டு பெங்களூர் என்ஐடில (நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்) டிஜிட்டல் கேம் டிசைன்ல எம்.டெஸ்னு மாஸ்டர்ஸ் இருக்கு.

சிஎஸ்இல கிடைக்காதது அந்த டீம் அனுபவம்தான், அதை வெளிய தேடிக்கணும். வருஷா வருஷம் ஜனவரில குளோபல் கேம் ஜாம் நடக்குது, தெரியாத நாலு பேரோட உக்காந்து ரெண்டு நாள்ல ஒரு கேம். தூக்கம் கெடும், வர்ற கேம் கேவலமா இருக்கும், ஆனா முடிச்சிருப்பீங்க. ஒரு ஆர்ட்டிஸ்ட் ஃப்ரெண்டைப் பிடிச்சுக்குங்க, தனியா ரூம்ல உக்காந்து மூணு வருஷமா ஒரு பெரிய ஆர்பிஜி கேம் பண்றேன், இன்னும் முடியலன்னு சொல்றவங்க பல பேரை எனக்குத் தெரியும்.

செலவு, விசா எல்லாம் எப்படி?

ஸ்காட்லாந்துல ஹானர்ஸ் டிகிரி நாலு வருஷம், இங்கிலாந்துல மூணுதான். ஒரு வருஷ ஃபீஸும் சாப்பாடும் வாடகையும் கூடுதல்னு கணக்குல எடுத்துக்குங்க. ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும், அதனால யுனிவர்சிட்டி சைட்ல இருக்கிறதை மட்டும் நம்புங்க, ஏஜென்ட் வாட்சப்ல அனுப்புற படத்தை நம்பாதீங்க. ஃபீஸுக்கு மேல ஹெல்த் சர்சார்ஜ்னு ஸ்டூடண்டுக்கு வருஷத்துக்கு 776 பவுண்ட், மொத்த வருஷத்துக்கும் விசா போடும்போதே கட்டணும். வாழ்க்கைச் செலவுக்கான பணம் பேங்க்ல தொடர்ந்து 28 நாள் இறங்காம இருக்கணும், ஒருநாள் குறைஞ்சாலும் சிக்கல்.

டெர்ம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பாக்கலாம். அதை வெச்சு வாடகையைக் கொஞ்சம் சமாளிக்கலாம், ஆனா ஃபீஸே கட்டிடலாம்னு யாராவது சொன்னா அவங்க சொல்ற வேற எதையும் நம்பாதீங்க.

படிச்சு முடிச்சதும் கிராஜுவேட் ரூட்னு ஒரு விசா இருக்கு. அது ரெண்டு வருஷமா இருந்தது, 2027 ஜனவரி 1லேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான். இப்ப டிகிரி சேர்றவங்க எல்லாருக்கும் இந்த 18 மாசக் கணக்குதான் பொருந்தும். அதுக்கப்புறம் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறணும், 2025 ஜூலைலேர்ந்து அதுக்குப் பொதுவா வேணுங்கிற குறைஞ்சபட்ச சம்பளம் வருஷத்துக்கு 41,700 பவுண்ட், புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குச் சலுகையில 33,400. கேம் ஸ்டூடியோல ஜூனியர் சம்பளம் மத்த சாஃப்ட்வேர் வேலையைவிடக் கம்மி, டண்டீ மாதிரி ஊர்ல இன்னும் கம்மி. அந்தச் சலுகைச் சம்பளத்தையே எட்டாத ஆஃபர்கள் நிறைய. லோன் போட்டுப் போறவங்க இந்த ஒரு பாராவை அப்பாவுக்கும் படிச்சுக் காட்டுங்க.

மாஸ்டர்ஸ்னா?

ஒரு வருஷம், காசு கம்மி. அபர்டேல எம்ப்ராஃப்னு (MProf) ஒரு மாஸ்டர்ஸ் இருக்கு, அது முழுக்க ஸ்டூடியோ மாதிரி டீமா வேலை பாக்குறது, ஏற்கனவே கோடோ ஆர்ட்டோ தெரிஞ்சவங்களுக்குச் சரியா இருக்கும். அங்க போய்தான் சி ப்ளஸ் ப்ளஸ் ஆரம்பிக்கணும்னு நினைச்சா ஒரு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும். கல்யாணம் ஆனவங்க கவனிங்க, 2024 ஜனவரிலேர்ந்து இந்த மாதிரி கோர்ஸ்ல வர்றவங்க மனைவியையோ கணவரையோ டிபென்டண்டா கூட்டிட்டு வர முடியாது.

வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்க.

இப்ப நிலைமை நல்லா இல்ல. 2024 ஜனவரில மைக்ரோசாஃப்ட் கேமிங் பக்கம் 1,900 பேரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க, பிப்ரவரில சோனி சுமார் 900 பேரு, கூடவே லண்டன் ஸ்டூடியோவையே மூடினாங்க. அதுக்கப்புறமும் நிக்கல. அனுபவம் உள்ளவங்களே ஜூனியர் வேலைக்கு அப்ளை பண்றாங்க, புதுசா வர்றவங்க அவங்களோட மோதணும்.

டண்டீக்கு இது புதுசில்ல. ஜிடிஏக்கு அப்புறம் அதே டேவிட் ஜோன்ஸ் ரியல்டைம் வேர்ல்ட்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சு, 100 மில்லியன் டாலருக்கு மேல முதலீடு வாங்கி, ஏபிபின்னு ஒரு ஆன்லைன் கேமை 2010ல விட்டாங்க, வந்த ரெண்டே மாசத்துல கம்பெனி திவாலுக்குப் போயிடுச்சு. ஒரே ஊர்ல அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல வேலை போச்சு. ஆனா அந்தக் கம்பெனில இருந்தவங்க போட்ட சின்னச் சின்ன ஸ்டூடியோக்கள் ஊர்ல நின்னுச்சு. அங்கேர்ந்து வந்தவங்க ஆரம்பிச்ச ரஃபியன் கேம்ஸ்தான் 2020ல, இப்ப ஜிடிஏ பண்ற ராக்ஸ்டார் கம்பெனியோட கிளையா, ராக்ஸ்டார் டண்டீன்னு ஆச்சு. மைன்கிராஃப்ட்டை கன்சோலுக்குக் கொண்டுவந்த 4ஜே ஸ்டூடியோஸும் அந்த ஊர்தான்.

ப்ரோக்ராமருக்கு ஒரு தப்பிக்கிற வழி இருக்கு, அந்த சி ப்ளஸ் ப்ளஸும் கணக்கும் சிமுலேஷன், ரோபோ, சினிமா கிராஃபிக்ஸ், கார் கம்பெனின்னு எங்கயும் ஓடும். ஆர்ட் பக்கம் அந்த வாசல் கொஞ்சம் சின்னது, விளம்பரம், அனிமேஷன், ஆர்க்கிடெக்சர் படங்கள்னு போறாங்க. ஏஐ வந்து எல்லாத்தையும் முழுங்கிடுமான்னு கேக்குறீங்க, கான்செப்ட் ஆர்ட் பண்றவங்க வயித்துல ஏற்கனவே புளியைக் கரைச்சிருக்கு. கோடு பக்கம், தனக்குப் புரியாத கோடை ஒட்டிட்டு வர்ற ஜூனியரை இன்டர்வியூல அஞ்சே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுறாங்க.

போர்ட்ஃபோலியோல என்ன வைக்கணும்?

ரெண்டு மூணு போதும். பத்துப் பாதி கேமைவிட முடிஞ்ச ஒரு கேம் மேல். ப்ரோக்ராமர்னா கோடைப் பாக்கவிடணும், டீம் ப்ராஜெக்ட்னா அதுல நீங்க எதைப் பண்ணீங்கன்னு தெளிவா எழுதணும், "நாங்க பண்ணோம்"னு எழுதினா பாக்குறவங்களுக்கு உங்களைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. முதல் 30 செகண்ட் வீடியோல கேம் ஓடணும், உங்க லோகோ சுத்தக்கூடாது. ஆர்ட்டிஸ்ட்னா வயர்ஃப்ரேமும், அதாவது மாடலோட கம்பி வடிவமும் காட்டுங்க. கன்சோல் டெவ்கிட்ல, அதாவது டெவலப்பருங்களுக்குன்னு குடுக்கிற கன்சோல் மெஷின்ல, பண்ண வேலையை ஆன்லைன்ல போடுறதுக்கு முன்னாடி லெக்சரர்கிட்ட கேளுங்க, அதெல்லாம் ரகசிய ஒப்பந்தத்துல வர்ற சமாச்சாரம்.

ஊரு எப்படி? குளிருமா?

குளிரைவிட இருட்டுதான் கஷ்டம், டிசம்பர்ல மூணரைக்கெல்லாம் சூரியன் போயிடும், லேப்லேர்ந்து வெளிய வந்தா ராத்திரி மாதிரி இருக்கும். டே (Tay)ங்கிற ஆத்தங்கரைல சின்ன ஊரு, எல்லாம் நடந்து போற தூரம்தான். லண்டன் வாடகையோட ஒப்பிட்டா பரவால்ல. அரிசி பருப்பு கிடைக்கும், நல்ல தோசைக்கு மாவு நீங்கதான் அரைக்கணும், அந்தக் குளிர்ல மாவு புளிக்க வெக்கிறது தனிக் கலை.

லேப்டாப் எது வாங்கணும்?

வாங்கிட்டுப் போகாதீங்க, போய்ப் பாத்துட்டு வாங்குங்க. லேப்ல இருக்கிற மெஷின் நீங்க வாங்கப்போறதைவிட நல்லா இருக்கும். விண்டோஸ்தான், தனி கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் 32 இருந்தா அன்ரியல் மூச்சு விடும்.

படிக்கும்போதே கேமை ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல போட்டு சம்பாதிக்கலாமா?

இந்தக் கேள்வி வர்றப்பல்லாம் கொஞ்சம் பயமா இருக்கு, ஏன்னா ஸ்டீம்ல போடுறது ரொம்ப ஈஸி. கேமுக்கு 100 டாலர் கட்டணும், விக்கிறதுல 30 சதவீதம் அவங்க எடுத்துப்பாங்க. சிக்கல் அங்க இல்ல, விசால இருக்கு. யூகே ஸ்டூடண்ட் விசால சுயதொழில் பண்ணக்கூடாது, பிசினஸ் பண்ணக்கூடாது. சொந்த கேமை காசுக்கு விக்கிறது அந்தக் கணக்குல வந்துடும், 20 மணி நேரத்துக்குள்ளதானே பண்றேன்னு சொல்ல முடியாது, அந்த 20 மணி நேரம் இன்னொருத்தர்கிட்ட சம்பளத்துக்கு வேலை பாக்குறதுக்குத்தான். ஃப்ரீலான்ஸா யாருக்காவது மாடல் பண்ணிக் குடுத்து காசு வாங்குறதும் அதே கதைதான். போர்ட்ஃபோலியோவுக்காக ஃப்ரீயா போடுறது வேற விஷயம், அதுலயும் டொனேஷன் பட்டனை வெச்சுட்டு மாட்டிக்காதீங்க. கிராஜுவேட் ரூட்டுக்கு மாறினதும் சுயதொழில் பண்ணலாம், அதனால நிறைய பேரு படிக்கும்போது கேமை முடிச்சு வெச்சுட்டு அப்புறம் விக்கிறாங்க. அப்படி விக்கிறதுக்கு முன்னாடி கேம் உங்களோடதுதானான்னும் பாருங்க, டீம்ல நாலு பேரு இருந்தா நாலு பேருக்கும் உரிமை உண்டு, கம்பெனி குடுத்த ப்ரீஃப்னா பேப்பர்ல என்ன கையெழுத்துப் போட்டீங்களோ அதுதான். இதுல சந்தேகம்னா யுனிவர்சிட்டிலயே இன்டர்நேஷனல் ஸ்டூடண்டுகளுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கும், காசு கேக்க மாட்டாங்க, மெயில்ல கேட்டு பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்குங்க.